பந்து பறக்கிறது, கை வலிக்கிறது, மட்டை திரும்புகிறது: டென்னிஸ் ராக்கெட்டில் கோளாறு எங்கே?

ஆட்டம் சரியாக அமையாத நாட்களில் பழி முதலில் ஃபிரேம் மேல்தான் விழுகிறது. "ரொம்ப விறைப்பா இருக்கு, கொஞ்சம் வளையற மட்டை வாங்கணும்" என்பார் ஒருவர். "இதில் பவரே இல்லை" என்பார் இன்னொருவர். இப்படி முடிவு கட்டிவிட்டுத்தான் பலர் புது ராக்கெட் தேடவே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரிங்கில் இருக்கும், இல்லையென்றால் கிரிப்பில், அல்லது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில். ஃபிரேமின் விறைப்பை வாங்கிய பிறகு யாரும் மாற்ற முடியாது. மற்றதையெல்லாம் மாற்றலாம், பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கலாம். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் ஃபிரேமைக் கடைசியில்தான் தொட்டிருக்கிறேன்.

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. விறைப்பு என்பது அளந்து சொல்லும் எண். ஃபிரேமை எடையேற்றி வளைத்து, எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, ஆர்ஏ என்ற எண்ணாகக் குறிப்பிடுவார்கள். இன்றைய ராக்கெட்டுகள் பெரும்பாலும் 55க்கும் 72க்கும் இடையில் இருக்கும். எண் கூடினால் விறைப்பு கூடும். பவர் என்பது ஸ்விங்வெயிட் (வீசும்போது தெரியும் கனம்), ஸ்ட்ரிங், தலை அளவு, விறைப்பு எல்லாம் சேர்ந்து தருவது. ஃபீல் என்பது கைக்கும் காதுக்கும் கடைசியில் வந்து சேருவது. அதை எந்த எண்ணும் முழுசாகச் சொல்லாது.

முதலில் கையில் இருக்கிற ராக்கெட்டை அளந்து பாருங்கள்

சமையலறைத் தராசில் ராக்கெட்டை வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் அச்சிடும் எடை பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங் கட்டினால் 15 முதல் 18 கிராம் வரை ஏறும், பிடியின் மேல் சுற்றும் ஓவர்கிரிப் இன்னும் 5 கிராம் போல ஏற்றும். ஆக 300 கிராம் என்று எழுதியிருக்கும் மட்டை தராசில் 320ஐத் தாண்டினால் பதற வேண்டாம்.

அப்புறம் ஒரு ஸ்கேலின் விளிம்பில் ராக்கெட்டைக் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிடியின் அடி முனையிலிருந்து அந்த இடம் வரை உள்ள தூரம்தான் பேலன்ஸ். 27 அங்குல ராக்கெட்டின் நடுப்புள்ளி 34.3 சென்டிமீட்டர். அதற்குக் கீழே நின்றால் எடை பிடிப் பக்கம், மேலே நின்றால் தலைப் பக்கம். ஸ்ட்ரிங் எந்த வகை, எத்தனை பவுண்டில் கட்டியது, எப்போது கட்டியது என்பதையும் எழுதிவையுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

பந்து பேஸ்லைனைத் தாண்டிப் பறக்கிறது

இதில் இரண்டு வகை உண்டு. பந்து வேகமாகப் போய் வெளியே விழுகிறதா, அல்லது நீங்கள் நினைத்ததைவிட உயரமாகக் கிளம்பி வெளியே விழுகிறதா? கோர்ட்டின் ஓரத்தில் யாரையாவது நிற்க வைத்து, பந்து வலையை எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தாழ்வாகத் தாண்டியும் வெளியே போனால் அது பவர் விஷயம். வழக்கத்தைவிட உயரத் தாண்டினால் பந்து கிளம்பும் கோணம்தான் விஷயம்.

இரண்டுக்குமே முதல் சந்தேகம் பழைய பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் மேல்தான். பாலி எளிதில் அறுந்து விழாது, ஆனால் செத்துவிடும். அதன் டென்ஷன் (கட்டியிருக்கும் இறுக்கம்) மற்ற வகைகளைவிடச் சீக்கிரம் இறங்கும். புதிதாக இருக்கும்போது பக்கவாட்டில் நழுவிச் சட்டென்று இடத்துக்குத் திரும்பிய மெயின் (நீளவாக்கில் ஓடும்) ஸ்ட்ரிங்குகள், பழசானதும் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு ராலி முடிந்ததும் ஸ்ட்ரிங்கை விரலால் நேர்ப்படுத்த வேண்டியிருக்கிறதா? குறுக்கு ஸ்ட்ரிங்குகளைத் தொடும் இடங்களில் மெயின் ஸ்ட்ரிங்கை நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? அப்படியானால் வேறெதையும் யோசிக்கும் முன் அதே ஸ்ட்ரிங்கை அதே டென்ஷனில் புதிதாகக் கட்டி ஆடிப் பாருங்கள். பந்து உள்ளே விழ ஆரம்பித்தால் விசாரணை முடிந்தது.

புது ஸ்ட்ரிங்கிலும் பறந்தால் டென்ஷனை 2 பவுண்டு ஏற்றுங்கள், ஒரேயடியாக 5 ஏற்றாதீர்கள். டென்ஷன் ஏறினால் ஸ்ட்ரிங் படுகை குறைவாக உள்வாங்கும், பந்துக்குத் திரும்பக் கிடைக்கும் சக்தி சற்றுக் குறையும், கிளம்பும் கோணமும் கொஞ்சம் தாழும். மல்ட்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த மென்மையான ஸ்ட்ரிங்) கட்டியிருப்பவர்கள் மெயினில் பாலி, குறுக்கில் மல்ட்டி என்று கலந்து கட்டிப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகும் உயரக் கிளம்புகிறது என்றால்தான் ஸ்ட்ரிங் பேட்டர்னைப் பாருங்கள். 16க்கு 19 (16 மெயின், 19 குறுக்கு) பேட்டர்னில் இடைவெளி அதிகம். ஸ்பின் நன்றாக ஏறும், பந்து மேல்நோக்கிக் கிளம்பும். 18க்கு 20 பந்தைத் தாழ்வாக அனுப்பும். தட்டையாக அடிக்கிற கைக்கு இந்த நெருக்கமான பேட்டர்ன் பெரிய நிம்மதி. நிறைய டாப்ஸ்பின் போடுகிறவருக்கு அதுவே வலையில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உயரம் சரியாக இருந்தும் வேகம்தான் அதிகம் என்றால், அது ஃபிரேமின் குணமாக இருக்கலாம். 100 சதுர அங்குலத் தலை, 23 முதல் 26 மில்லிமீட்டர் பீம் (ஃபிரேமின் தடிமன்), 70ஐ ஒட்டிய ஆர்ஏ என்று ஒரு வகை உண்டு. பாபோலாட் ப்யூர் டிரைவ் அதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். முழு வீச்சில் அடிக்கிறவருக்கு 98 சதுர அங்குலமும் 21, 22 மில்லிமீட்டர் பீமும் உள்ள மட்டை பந்தை அடக்கித் தரும்.

அடித்தாலும் பந்து சர்வீஸ் கோட்டிலேயே விழுகிறது

பவர் இல்லை என்ற புகாருக்குப் பலர் சொல்லும் மருந்து தலைகீழானது: "வளைகிற ராக்கெட் வாங்கு, வில் மாதிரி பந்தை எறியும்." எறியாது. பந்து ஸ்ட்ரிங்கில் இருப்பது ஏறக்குறைய 4, 5 மில்லிசெகண்டுதான். வளையும் ஃபிரேம் ஒருமுறை வளைந்து, நிமிர்ந்து, மறுபக்கம் போய்த் திரும்ப 8 மில்லிசெகண்டு ஆகிறது. அது நிமிர்ந்து தள்ளுவதற்குள் பந்து போய்விடும். ஃபிரேமை வளைக்கச் செலவான சக்தி பந்துக்குத் திரும்பாமல் அதிர்வாகவே கரைகிறது. விறைப்பான ஃபிரேம் குறைவாக வளைவதால் குறைவாக வீணாக்குகிறது, அவ்வளவுதான். சக்தியை உண்மையில் திருப்பித் தருவது ஸ்ட்ரிங்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஸ்ட்ரிங் படுகையின் நடுவை ஒட்டி ஒரு கணு இருக்கிறது; பந்து அங்கே பட்டால் ஃபிரேம் கிட்டத்தட்ட அதிர்வதே இல்லை. அந்த இடத்தில் அடிக்கும்போது 58 ஆர்ஏ மட்டைக்கும் 70 ஆர்ஏ மட்டைக்கும் பவரில் வித்தியாசம் மிகச் சிறியது. நடுவிலிருந்து விலகி, முக்கியமாக நுனியை ஒட்டிப் படும்போதுதான் விறைப்பு தன் வேலையைக் காட்டும். டென்னிஸ் இயற்பியலை ஆராய்ந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராடி, சிட்னி பல்கலைக்கழகத்தின் ராட் கிராஸ் ஆகியோரின் ஆய்வுகள் இந்தக் கணுவையும் அதிர்வையும் அளந்து விளக்கியவை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? முதலில் டென்ஷனை 3 பவுண்டு இறக்குங்கள். பாலி கட்டியிருக்கிறீர்களா? பாலி வேகமான, நீண்ட வீச்சுக்காக வந்த ஸ்ட்ரிங். மிதமான வீச்சுள்ளவருக்கு அது பந்தைத் தள்ளாது. மல்ட்டிஃபிலமென்ட்டோ, சிந்தெடிக் கட் என்ற நைலான் ஸ்ட்ரிங்கோ போட்டுப் பாருங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பந்து ஆழமாக விழ ஆரம்பித்துவிடும்.

அடுத்தது ஸ்விங்வெயிட். வீசும்போது ராக்கெட் எவ்வளவு கனக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. பெரியவர்களுக்கான மட்டைகளில் ஸ்ட்ரிங்கோடு 310 முதல் 330 வரை சகஜம். பந்தைக் கனமாக அடிக்க வைப்பதில் விறைப்பைவிட இதன் பங்குதான் பெரிது. கூட்டுவதும் எளிது. கால் அங்குல அகல ஈய டேப் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் வரும். ராக்கெட் தலையைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால், 12 மணி இடத்தில் ஒட்டும் ஒவ்வொரு கிராமும் ஸ்விங்வெயிட்டை 3 புள்ளிக்குச் சற்று மேல் ஏற்றும். 3 மணி, 9 மணி இடங்களில் ஒட்டினால் கிராமுக்கு 2 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. 12 மணியில் 2 கிராம் ஒட்டிவிட்டுச் சில ஆட்டங்கள் ஆடுங்கள். தாமதமாக அடிக்கிறீர்கள் என்றால் பிய்த்துவிடலாம். (ஈயத்தைத் தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள். தலை நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் காப்பான பம்பர் கார்டுக்கு அடியில் ஒட்டினால் விரல் படாது.)

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் தலை அளவை 100, 104 என்று ஏற்றுங்கள், பீமைத் தடிப்பாக்குங்கள். 1976இல் ஹோவர்ட் ஹெட் வடிவமைத்த பிரின்ஸ் கிளாசிக் 110 சதுர அங்குலத் தலையோடு வந்ததும், 1987இல் வில்சன் புரொஃபைல் தடித்த பீமோடு வந்ததும் சாதாரண ஆட்டக்காரருக்குப் பவரை எளிதாக்கின. அந்த வழி இன்றைக்கும் செல்லும்.

முழங்கை வலிக்கிறது

இங்கே மட்டும் அவசரப்படுங்கள். ஆடி முடித்த பிறகும் வலி தங்குகிறது, காபி டம்ளரைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்பக்கம் குத்துகிறது என்றால், ராக்கெட்டை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். கருவியை மாற்றுவது சிகிச்சைக்கு மாற்று ஆகாது. திரும்ப ஆட வரும்போது கை பட்ட பாட்டையே படாமல் இருக்கத்தான் இது.

முதல் வேலை, பாலியை வெட்டி எடுப்பது. புது பாலியே கடினம், செத்த பாலி இன்னும் மோசம். நேச்சுரல் கட் (விலங்கின் குடலில் செய்யும் ஸ்ட்ரிங்) கட்ட முடிந்தால் அதைவிட மென்மையானது கிடையாது; அடுத்த இடம் நல்ல மல்ட்டிஃபிலமென்ட்டுக்கு. டென்ஷனை 50 பவுண்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, எடை. கை வலிக்கிறது என்றதும் லேசான மட்டைக்குத் தாவுகிறவர்கள் நிறைய. லேசாகவும் விறைப்பாகவும் உள்ள மட்டைதான் கைக்கு ஆக மோசமான சேர்க்கை. வேகமாக வரும் பந்து லேசான மட்டையை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளும், அந்த உதைப்பை மணிக்கட்டும் முழங்கையும்தான் வாங்கியாக வேண்டும். பிடிப் பக்கம் எடை சாய்ந்த, ஸ்ட்ரிங்கோடு 320 கிராமைத் தொடும் மட்டை கைக்கு ஒத்தாசை. கையில் ஏந்தினால் கனக்கிறதே என்று தோன்றும். வீசும்போது அந்தக் கனம் பெரிதாகத் தெரியாது.

ரோஜர் ஃபெடரர் 2014 முதல் ஆடிய 97 சதுர அங்குல மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வந்த அதன் பிரதி ஸ்ட்ரிங் இல்லாமலே 340 கிராம், ஃபிரேமும் விறைப்புப் பக்கம்தான். ஆனால் அவர் மெயினில் நேச்சுரல் கட் கட்டினார், குறுக்கில்தான் பாலி. ஆர்ஏ எண்ணை மட்டும் பார்த்து ஒரு ராக்கெட்டை ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மறுபக்கமும் உண்மை: 60 ஆர்ஏ மட்டையில் முழுக்கப் பாலியை 56 பவுண்டில் இழுத்துக் கட்டினால் கைக்குக் கிடைப்பது மென்மை அல்ல.

மூன்றாவது, பிடி. பிடித்த நிலையில் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழைய இடமே இல்லையென்றால் பிடி சிறியது, மட்டை திரும்பாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஓர் ஓவர்கிரிப் ஏறக்குறைய அரை அளவு கூட்டும்.

இந்த மூன்றையும் செய்த பிறகு ஃபிரேமுக்கு வாருங்கள். கை நோகும் ஒருவர் 65க்குக் கீழே தேடுவது நல்லது. 2019இல் வந்த வில்சன் கிளாஷ் 55ஐ ஒட்டி இருக்கும். இன்றைய மட்டைகளில் அது நன்றாகவே வளையக்கூடியது. ஒன்று மட்டும் வேண்டாம்: ஸ்ட்ரிங்கில் செருகும் ரப்பர் டேம்பனரை நம்பி வலியோடு ஆடுவது. அது நிறுத்துவது ஸ்ட்ரிங்கின் 500, 600 ஹெர்ட்ஸ் ஒலியை. கையை உலுக்கும் ஃபிரேம் அதிர்வு 100 முதல் 200 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதை டேம்பனர் தொடுவதே இல்லை.

ஓரத்தில் பட்டால் மட்டை கையில் திரும்புகிறது

முதலில் ஓவர்கிரிப்பை மாற்றுங்கள். வேர்வையில் வழவழத்துப்போன கிரிப்பையும் ஃபிரேமின் குறையையும் வேறுபடுத்த இதுதான் விரைவான வழி. புது கிரிப்பிலும் வாலி அடிக்கும்போது மட்டை முகம் திரும்பினால், 3 மணியிலும் 9 மணியிலும் தலா 2 கிராம் ஈய டேப் ஒட்டுங்கள். எடை நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு முறுக்கத்தைத் தடுக்கும். ஸ்விங்வெயிட்டும் 7 புள்ளி போல ஏறும் என்பதை மறக்க வேண்டாம். அகலமான தலையும் இதையேதான் செய்கிறது.

பந்து எங்கே பட்டது என்றே தெரியவில்லை

அடி விழுகிறது, ஆனால் பஞ்சில் அடித்த மாதிரி எந்தச் செய்தியும் கைக்கு வரவில்லை. ஃபீல் கேட்பவர்களின் உண்மையான குறை இதுதான். டேம்பனரைக் கழற்றிவிட்டு ஒரு கூடைப் பந்து அடியுங்கள். காது நமக்கு நிறையச் சொல்கிறது. நடுவில் பட்ட சத்தத்துக்கும் விலகிப் பட்ட சத்தத்துக்கும் வித்தியாசம் கேட்டாலே, பலருக்கு ஃபீல் திரும்பிவிடும்.

அடுத்து, கிரிப்பின் மேல் எத்தனை அடுக்கு சுற்றியிருக்கிறீர்கள்? பழைய ஓவர்கிரிப்பின் மேலேயே புதியதைச் சுற்றும் பழக்கம் பிடியின் எட்டு முனைகளையும் மழுக்கிவிடும். முனைகள் தெரியாவிட்டால் மட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கைக்குத் தெரியாது, ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்குப் பிடி மாற்றுவதும் ஊகமாகிவிடும். எல்லாவற்றையும் உரித்து, ஒரே ஒரு மெல்லிய ஓவர்கிரிப் போடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அடிப்படை கிரிப்பைத் தோல் கிரிப்பாக மாற்றலாம். பிடியில் 10 கிராம் போல ஏறும், பேலன்ஸ் கையை நோக்கி வரும், முனைகள் கூர்மையாகத் தெரியும்.

இதெல்லாம் செய்தும் மந்தமாகவே இருந்தால், மெல்லிய பீமும் 60களின் தொடக்கத்தில் ஆர்ஏவும் உள்ள மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் விழுந்த அடிக்கும் விலகி விழுந்த அடிக்கும் அதில் தெளிவான வித்தியாசம் தெரியும். விறைப்பான மட்டை விலகிய அடியையும் ஓரளவு மன்னித்துவிடும். மன்னிப்பு வேண்டுமா, செய்தி வேண்டுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே ஃபிரேமில் இரண்டும் முழுதாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

எப்போதும் தாமதமாக அடிக்கிறேன், மூன்றாவது செட்டில் கை சோர்கிறது

மொத்த எடையைக் குறை சொல்லாதீர்கள், ஸ்விங்வெயிட்டைப் பாருங்கள். 12 மணியில் யாராவது டேப் ஒட்டியிருந்தால் எடுங்கள். பிடிக்குள் எடை சேர்த்தால் பேலன்ஸ் மாறும், ஆனால் ஸ்விங்வெயிட் இறங்காது. அதிகமாக இருந்தால் குறைவான எண் உள்ள மட்டைதான் வழி. 330இலிருந்து 318க்கு வந்தாலே நன்றாகத் தெரியும்.

ஒரே மாடல் இரண்டு, ஆனால் ஆடினால் வேறு வேறு

இது உங்கள் கற்பனை அல்ல. ஒரே மாடலில் எடையும் பேலன்ஸும் தயாரிப்பிலேயே சில கிராம், சில மில்லிமீட்டர் வேறுபடும். இரண்டையும் தராசிலும் ஸ்கேலிலும் வைத்து, லேசானதில் டேப் ஒட்டிச் சரிசெய்யலாம். எடை ஒத்தும் ஆட்டம் ஒக்கவில்லை என்றால் விறைப்பைப் பாருங்கள். பலமுறை ஸ்ட்ரிங் மாற்றி நிறைய ஆடிய ஃபிரேம் கொஞ்சம் இளகிவிடும்.

அதைக் காதாலேயே ஒப்பிடலாம். டேம்பனர் இல்லாமல், பிடியின் அடி முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இரண்டே விரலால் லேசாகப் பிடித்து ராக்கெட்டைத் தொங்கவிடுங்கள். மறு கையின் விரல் கணுவால் கழுத்துப் பகுதியைத் தட்டுங்கள். ஸ்ட்ரிங்கின் கீச்சொலிக்கு அடியில் ஒரு தாழ்ந்த "தும்" கேட்கும், விரல்களிலும் லேசாக உணரலாம். எடை ஒத்த இரண்டு மட்டைகளில் அந்த ஒலி உயர்ந்து கேட்பதுதான் விறைப்பானது. ஃபோனில் அலைவரிசை காட்டும் ஏதாவது செயலி இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம்: 120 ஹெர்ட்ஸை ஒட்டி வந்தால் இளகிய மட்டை, 180ஐத் தாண்டினால் நல்ல விறைப்பு. தட்டும்போது சரசரவென்று சத்தம் வந்தால் ஃபிரேமில் விரிசல் இருக்கலாம். அந்த மட்டையில் புது ஸ்ட்ரிங் கட்டக் கொடுக்காதீர்கள்.

ஃபிரேமைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டால்

ஆடிப் பார்க்க வாங்கும் மட்டையில் கட்டியிருக்கும் ஸ்ட்ரிங் என்ன என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் ஸ்ட்ரிங்கையே உங்கள் டென்ஷனில் கட்டி ஆடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஸ்ட்ரிங்குகளை, இரண்டு ஃபிரேம்களை அல்ல. அட்டவணையில் உள்ள எண்கள் ஸ்ட்ரிங்கோடா, ஸ்ட்ரிங் இல்லாமலா என்பதையும் பார்த்துவிடுங்கள். எடை, பேலன்ஸ், ஸ்விங்வெயிட் மூன்றும் ஸ்ட்ரிங்கோடு ஏறும், ஆர்ஏ மட்டும் சற்று இறங்கும்.

சர்வ் மட்டும் பலவீனம் என்பவர்கள் 27.5 அங்குல நீட்டப்பட்ட மட்டையையும் ஒருமுறை பார்க்கலாம். விதி 29 அங்குலம் வரை அனுமதிக்கிறது. வாலியில் அது கொஞ்சம் இடறும்.

ஆடும்போது முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். புது மட்டையில் அது எப்போதுமே இனிப்பாகத்தான் இருக்கும். சர்வ் ரிட்டர்ன், ஓடிப்போய் எட்டி அடிக்கும் பேக்ஹேண்ட், களைத்த பிறகு அடிக்கும் இரண்டாவது சர்வ் என்று, உங்கள் பழைய மட்டை உங்களைக் கைவிட்ட இடங்களையே தேடி அடியுங்கள். மறுநாள் காலை முழங்கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.